பொட்லக்குக்கு என்ன கொண்டுபோவது? ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கான சாப்பாட்டு வழிகாட்டி

வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். மேலே ஒரு திகதி, அதன் கீழே 'பொட்லக்' என்று எழுதியிருக்கும். ஒரு பக்கத்தில் பெயர் எழுத இடம், எதிரே கொண்டுவரும் சாப்பாட்டை எழுத இடம். பிள்ளையின் வகுப்பு, வீட்டு மாடியின் பொது அறை, ஆங்கிலம் படிக்கும் வகுப்பு, தேவாலயம் என்று எங்கே போனாலும் இந்தத் தாள் ஒருநாள் உங்கள் முன்னால் வரும்.

ஆளுக்கொரு சட்டி கொண்டுவந்து வைத்து, எல்லோரும் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துச் சாப்பிடுவதுதான் பொட்லக். நம் ஊர் விருந்து மாதிரி ஒரு வீட்டுக்காரர் தலையில் முழுச் செலவும் விழாது. இதில் நம்மவர்கள் செய்யும் முதல் பிழை அளவில்தான். இருபது பேர் வருகிறார்கள் என்றால் இருபது பேருக்கும் வயிறு நிறையும்படி சமைத்துக்கொண்டு போய்விடுவோம். அங்கே இன்னும் பதினைந்து சட்டிகள் இருக்கும். ஒருவர் உங்கள் சட்டியிலிருந்து எடுப்பது இரண்டு மூன்று கரண்டிதான். பன்னிரண்டு பேர் என்றால் ஆறிலிருந்து எட்டுப் பேர் வயிறாரச் சாப்பிடும் அளவு போதும். மிச்சம் வந்தால் நீங்கள்தான் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும்.

தாளில் 'அரிசிச் சாப்பாடு' என்று மட்டும் எழுதாதீர்கள். 'எலுமிச்சம்பழச் சோறு, சைவம், உறைப்புக் குறைவு' என்று எழுதினால் மற்றவர்கள் அதற்கேற்றதைக் கொண்டுவருவார்கள். ஏற்கெனவே மூன்று பேர் சோறு எழுதியிருந்தால் நீங்கள் வேறு ஏதாவது எழுதுங்கள். ஒழுங்கு செய்பவரிடம் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்: அங்கே சூடாக்க மைக்ரோவேவ் அல்லது 'அவன்' (போறணை) இருக்கிறதா, பிரிட்ஜில் இடம் உண்டா. 'அங்கே போய்த் தாளித்துக்கொள்ளலாம்' என்ற யோசனை வேண்டாம். அலுவலகக் கட்டடத்தில் கடுகு வெடித்தால் புகை எச்சரிக்கை மணி அடித்து மாடி முழுக்க வெளியே நிற்க நேரும்.

நேரத்துக்குப் போங்கள். பன்னிரண்டு மணி என்றால் பன்னிரண்டு மணிதான். நம் மண்டபக் கணக்கில் இரண்டு மணிக்குப் போனால் கரண்டிகளைக் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

எது பயணம் தாங்கும்

இடியப்பமும் சொதியும் கொண்டுபோக ஆசை வரும். ஆனால் சமைத்த மாப்பொருள் ஆறினால் இறுகிவிடும். இந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது பிரிட்ஜுக்குள் இருக்கும் குளிர் நிலையில். மார்கழிக் குளிரில் காரின் பின்பெட்டியில் அரை மணி நேரம் இருந்த இடியப்பம் கயிறு மாதிரி ஆவது இதனால்தான். திரும்ப மூன்று நான்கு நிமிடம் ஆவியில் வைத்தால் இளகும். ஈரமான காகிதத் துவாயால் மூடி மைக்ரோவேவில் முக்கால் நிமிடம் வைத்தாலும் சரிவரும். அந்த வசதி அங்கே இல்லாவிட்டால் இடியப்பத்தை விட்டுவிடுங்கள்.

உழுந்து வடை ஆறினால் தோல் மாதிரி இழுபடும். பருப்பு வடை ஆறிய பிறகும் மொறுமொறுப்பாக இருக்கும். ரோல்ஸ் எந்தக் கூட்டத்திலும் முதலில் தீர்ந்துபோகும் சாமான். பிலிப்பினோக்காரருக்கு லும்பியா, சீனருக்கு ஸ்பிரிங் ரோல், கனடாக்காரருக்கு எக் ரோல் என்று எல்லோருக்கும் அது ஏற்கெனவே தெரிந்த உருவம். வீட்டில் பொரித்து, அங்கே அவனில் 175 பாகை செல்சியஸில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வைத்தால் திரும்ப மொறுமொறுப்பு வரும். மைக்ரோவேவில் வைத்தால் ஊறிப்போகும்.

குழம்பு வகை சிந்தும். இறுக்கமாகத் திருகும் மூடியுள்ள கண்ணாடிப் போத்தல் இருந்தால் மட்டும் யோசியுங்கள். அலுமினியத் தட்டு வசதிதான், திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை. ஆனால் நடுவில் வளைந்து மூடி கழன்றுவிடும். அடியில் ஒரு பேக்கிங் தட்டை வைத்துத் தூக்குங்கள். புளிச்சோறு, மீன் குழம்பு, எலுமிச்சம்பழச் சோறு மூன்றையும் அலுமினியத் தட்டில் இரவு முழுக்க வைக்கக் கூடாது. புளிப்பு உலோகத்தை அரித்துச் சாப்பாட்டில் ஒரு தகர ருசி ஏறிவிடும். இவற்றுக்குக் கண்ணாடித் தட்டுத்தான் நல்லது.

ஆட்டிறைச்சிக் கறியை எலும்போடு சின்னச் சின்னத் துண்டாக வெட்டிச் சமைப்பது நமக்குப் பழக்கம். இங்கே பலர் எலும்பு இருக்கும் என்று எதிர்பார்க்காமல் கடித்துவிடுவார்கள். கோழித் தொடையை எலும்பில்லாமல் வாங்கிச் சமைப்பது பாதுகாப்பு. கறுவாப்பட்டை, ஏலக்காய், கராம்பு, ரம்பை எல்லாவற்றையும் பரிமாறுமுன் பொறுக்கி எடுங்கள், அல்லது துணியில் பொட்டலமாகக் கட்டிச் சட்டியில் போடுங்கள். கறிவேப்பிலையை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடலாம் என்பதும் புதியவருக்குத் தெரியாது. கஷ்டப்பட்டு மென்று விழுங்குவார்கள், பாவம். ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

உறைப்பைப் பாதியாகக் குறையுங்கள். வழக்கமான உறைப்பில் ஒரு சம்பலைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் வேண்டியவர் எடுத்துக்கொள்வார். ஒடியல் கூழை முதல் பொட்லக்கிலேயே அறிமுகப்படுத்த வேண்டாம். அதற்கு நட்பு கொஞ்சம் முற்ற வேண்டும்.

ஒரு துண்டுக் கடதாசி

சட்டிக்கு முன்னால் வைக்கும் சின்னக் கடதாசிதான் உங்கள் சமையலைவிட முக்கியம். உணவின் பெயர், உள்ளே என்ன இருக்கிறது, சைவமா அசைவமா, எவ்வளவு உறைப்பு. நான்கு வரி போதும்.

இதற்குக் காரணம் ஒவ்வாமை. கனடா அரசு முக்கிய ஒவ்வாமைப் பொருட்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. முட்டை, பால், கச்சான் (நிலக்கடலை), முந்திரி பாதாம் போன்ற மரக்கொட்டைகள், சோயா, கோதுமை, மீன், இறால் நண்டு கணவாய் வகை, சல்பைட் ஆகியவற்றோடு கடுகும் எள்ளும் அந்தப் பட்டியலில் உண்டு. கடைசி இரண்டையும் கவனியுங்கள். நம் தாளிதத்தில் கடுகு இல்லாத நாளே கிடையாது. நல்லெண்ணெய் என்பது எள்ளெண்ணெய். 'இதில் கொட்டை எதுவும் இல்லை, எல்லோரும் சாப்பிடலாம்' என்று சொல்லி நீட்டும் புளிச்சோற்றில் இரண்டும் இருக்கும்.

இதைவிட ஒளிந்திருப்பது பெருங்காயம். கடையில் விற்கும் பெருங்காயத்தூள் பெரும்பாலும் தனிப் பெருங்காயம் அல்ல. கோதுமை மாவோ அரிசி மாவோ கலந்துதான் தூளாக்குவார்கள். கோதுமை ஆகாத சீலியாக் நோய் உள்ளவருக்கு 'சோறும் பருப்பும்தான், கோதுமை இல்லை' என்று சாம்பாரைக் கொடுத்தால் அந்த ஒரு சிட்டிகை போதும் அவர் உடல்நிலை கெட. டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ரவை கோதுமைதான் என்பதும் பலருக்கு நினைவு வராது. சோயா சோஸிலும் கோதுமை உண்டு. மஞ்சள் நிறத்துப் பிளம்ஸில் (உலர்ந்த திராட்சை) நிறம் கறுக்காமல் இருக்கச் சல்பைட் சேர்ப்பார்கள். கறுப்புப் பிளம்ஸில் பொதுவாக இராது. தேங்காயைக் கனடாவின் பட்டியல் மரக்கொட்டையாகச் சேர்க்கவில்லை. என்றாலும் தேங்காய் ஒத்துவராதவர்களும் உண்டு என்பதால் எழுதிவிடுங்கள்.

நம்மவர்களே ஏமாறும் இடம் சம்பல். சீனிச் சம்பலிலும் கட்டாச் சம்பலிலும் மாசிக் கருவாடு இருக்கலாம். அதைச் 'சைவம்' என்று எழுதிவைத்தால் சைவக்காரருக்கும் துரோகம், மீன் ஒவ்வாதவருக்கு ஆபத்து.

கரண்டியும் ஒரு விஷயம். 2003இல் ஒன்ராறியோவில் பால் ஒவ்வாமை உள்ள 13 வயது மாணவி ஒருவர் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கிச் சாப்பிட்டு இறந்துபோனார். பாற்கட்டி எடுத்த இடுக்கியாலேயே அந்தப் பொரியலையும் எடுத்திருந்தார்கள். அவர் பெயரால் வந்த 'சப்ரினா சட்டம்' 2006 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. ஒன்ராறியோவின் ஒவ்வொரு பள்ளிச் சபையும் கடும் ஒவ்வாமைக்கென்று ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. பிள்ளையின் பிறந்தநாளுக்கு லட்டுக் கொடுத்துவிடும்போது ஆசிரியர் அதைத் திருப்பி அனுப்பினால் கோபப்படாதீர்கள். பல பள்ளிகளில் வீட்டில் செய்த சாமானுக்கே அனுமதி இல்லை. பென்சிலோ ஒட்டுப்படமோ கொடுத்தனுப்பினால் பிள்ளைக்கும் மகிழ்ச்சி.

ஆகவே உங்கள் சட்டிக்கு உங்கள் கரண்டியை நீங்களே கொண்டுபோங்கள். ஒரு சட்டியின் கரண்டி இன்னொன்றுக்குள் போகாமல் பாருங்கள். யாருக்காவது உதடு வீங்கி, மூச்சுத் திணறினால் தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் அவரிடம் எபிபென் (ஒவ்வாமைக்கான அவசர ஊசி) இருக்கிறதா என்று கேட்டு அதைப் போட வைத்து, 911ஐ அழையுங்கள். ஊசி போட்ட பிறகு நன்றாக இருக்கிறது என்றாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும்.

முஸ்லிம் சக ஊழியர் இருந்தால் இறைச்சியை ஹலால் கடையில் வாங்கி அதையும் கடதாசியில் எழுதுங்கள். அப்போதும் 'உங்கள் வீட்டுச் சட்டியில் பன்றி சமைப்பீர்களா' என்று அவர் கேட்கலாம். கேட்பது அவர் உரிமை. கோஷர் முறையைக் கண்டிப்பாகப் பின்பற்றும் யூதர், வேறு வீட்டுச் சமையலைத் தொட மாட்டார். அவருக்காக வெட்டாத முழுப் பழங்களோ, 'கோர்' (COR) என்ற கோஷர் முத்திரை உள்ள, பிரிக்காத பொதியோ கொண்டுபோனால் நீங்கள் யோசித்துச் செய்தது அவருக்குப் புரியும். சமணருக்கு வெங்காயம், உள்ளி, கிழங்கு ஆகாது.

முதல் தடவைக்கு ஒரு சோறு

எலுமிச்சம்பழச் சோறு செய்ய லேசு, ஆறினாலும் நன்றாக இருக்கும், நிறம் மேசையில் கண்ணைப் பறிக்கும். பன்னிரண்டு பேர் கூடும் இடத்துக்கு 500 கிராம் பாஸ்மதி போதும். வெந்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வரும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்நாட்டு அளவுக் கப் 250 மி.லீ.; ரைஸ் குக்கருடன் வரும் கப் 180 மி.லீ. அரிசியை ஒன்றாலும் தண்ணீரை மற்றொன்றாலும் அளந்துவிட்டுச் சோறு குழைந்துவிட்டது என்று அரிசியைத் திட்டுவது வழக்கம். ஒரே கப்பால் இரண்டையும் அளவுங்கள். 500 கிராம் என்பது பெரிய கப்பால் இரண்டரை. அரிசியைக் கழுவி இருபது நிமிடம் ஊறவைத்து வடித்து, மூன்றே முக்கால் கப் தண்ணீரில் வேகவிடுங்கள். வெந்ததும் அகலத் தட்டில் பரப்பி, முள்ளுக்கரண்டியால் கிளறி, பத்து நிமிடம் ஆவி போகவிடுங்கள். சுடச்சுடத் தாளிதத்தோடு கலந்தால் அரிசி உடையும்.

நான்கு மேசைக்கரண்டி எண்ணெய். கடலைப்பருப்பு இரண்டு மேசைக்கரண்டியை முதலில் போட்டுப் பொன்னிறமாக்குங்கள். கச்சானுக்குப் பதிலாகக் கடிக்க மொறுமொறுப்புத் தருவது இதுதான். கடுகு ஒவ்வாதவர் இருந்தால் சின்னச் சீரகத்தால் தாளியுங்கள். இல்லாவிட்டால் கடுகு ஒரு தேக்கரண்டி. பிறகு துருவிய இஞ்சி, கறிவேப்பிலை. பச்சை மிளகாய் மூன்றை நறுக்காமல் நீளமாகக் கீறி முழுசாகப் போடுங்கள். வாசனை இறங்கும், கடைசியில் எண்ணிப் பொறுக்கி எடுத்துவிடலாம். மஞ்சள் முக்கால் தேக்கரண்டி. அடுப்பை அணைத்த பிறகுதான் எலுமிச்சம்பழச் சாறு. கொதிக்கும் எண்ணெயில் ஊற்றினால் கசக்கும். இங்கத்தைய எலுமிச்சம்பழம் பெரிது. இரண்டு பிழிந்தால் ஆறு மேசைக்கரண்டி வரும். உப்பு இரண்டு தேக்கரண்டியில் தொடங்கி ருசி பாருங்கள். சோற்றோடு கலந்த உடனே புளிப்புத் தூக்கலாகத் தெரிய வேண்டும், அரை மணி நேரத்தில் அடங்கிவிடும்.

ஜனவரி என்றால் உங்களிடம் பொங்கல்தான் கேட்பார்கள். ஒன்ராறியோ 2014இலும் கனடா நாடாளுமன்றம் 2016இலும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்ட பிறகு, பள்ளியிலும் அலுவலகத்திலும் தைப்பொங்கலை ஒட்டி ஒரு மேசை போடுவது வழக்கமாகிவிட்டது. ஒரு கப் பச்சரிசி, கால் கப் வறுத்த பயற்றம்பருப்பு, ஐந்து கப் தண்ணீர். அரிசி கையால் மசியும்வரை வெந்த பிறகே சர்க்கரையைச் (வெல்லம்) சேர்க்க வேண்டும். இனிப்பு சேர்ந்துவிட்டால் அதற்கு மேல் அரிசி வேகாது, நறுக்கரிசியாகவே நிற்கும். 300 கிராம் சர்க்கரையை அரைக் கப் வெந்நீரில் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள், மண் இருக்கும். நெய் ஐந்து மேசைக்கரண்டி, ஏலக்காய் ஆறு. முந்திரிப்பருப்பைச் சேர்க்காமல் தனிக் கிண்ணத்தில், தனிக் கரண்டியோடு வையுங்கள். அதுவும் கொட்டை ஒவ்வாமை யாருக்கும் இல்லை என்று தெரிந்தால் மட்டும். ஆறினால் பொங்கல் கல்லாகும் என்பதால் இறக்கும்போது கஞ்சியைவிடக் கொஞ்சம்தான் கெட்டியாக இருக்க வேண்டும். பரிமாறுமுன் கால் கப் வெந்நீர் விட்டுக் கிளறுங்கள்.

சூடும் குளிரும்

4 பாகைக்கும் 60 பாகைக்கும் நடுவே கிருமி பெருகும். ஆகவே சூடானது 60க்கு மேலே, குளிரானது 4க்குக் கீழே. இரண்டும் முடியாவிட்டால் மேசையில் இரண்டு மணி நேரம், அதற்குமேல் வேண்டாம். அதில் காரில் வந்த நேரமும் சேர்த்தி.

இதில் நாம் நம்ப மறுப்பது சோற்றைப் பற்றியது. வெறும் சோறு என்ன செய்யப்போகிறது என்று நினைப்போம். பசிலஸ் செரியஸ் என்ற பக்டீரியாவின் வித்துகள் அரிசி கொதித்தாலும் சாவதில்லை. வெந்த சோறு இளஞ்சூட்டில் கிடந்தால் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. 'நன்றாகச் சூடாக்கித்தானே தந்தேன்' என்று சொல்லிப் பயனில்லாதது இதனால்தான். முதல்நாள் இரவே சமைப்பதென்றால் பெரிய சட்டியோடு பிரிட்ஜில் வைக்காமல், இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தட்டில் பரப்பி வையுங்கள். சட்டியின் நடுப்பகுதி விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். மறுநாள் சூடாக்கும்போது நடுவில் 74 பாகை வர வேண்டும். உணவு வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள். தேங்ஸ்கிவிங்குக்கு முழு வான்கோழி சமைக்கத் தொடங்கினால் (இங்கே அது ஒக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை, நொவம்பரில் வருவது அமெரிக்காவினது) அதன் உட்சூடு 82 பாகை என்பதையும் அதுவேதான் காட்டும்.

அலுவலகத்தில் ஸ்லோ குக்கரை 'வார்ம்' நிலையில் வைப்பார்கள். அது சூட்டைக் காக்கும். குளிர்ந்த கறியைச் சூடாக்காது. அடுப்பில் கொதிக்கவைத்து அதற்குள் ஊற்றுங்கள். வழிப்பயணத்துக்குக் குளிர்பெட்டியே நல்ல சூட்டுப்பெட்டி. அதற்குள் வெந்நீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, துவாயால் சுற்றிய சட்டியை வைத்து இடைவெளியைப் பழைய துணியால் அடையுங்கள்.

வீட்டு மணம்

அடுக்குமாடியில் அடுப்புக்கு மேலிருக்கும் விசிறி பல இடங்களில் காற்றை வெளியே தள்ளுவதில்லை. வடிகட்டித் திரும்ப அறைக்குள்ளேயே விடும். மிளகாய் வறுக்குமுன் யன்னலைத் திறந்து, குளிர் மேலங்கிகளை அலுமாரிக்குள் போட்டுக் கதவைச் சாத்துங்கள். மறுநாள் பஸ்ஸில் உங்களைச் சுற்றி வருவது நேற்றைய தாளிதமாக இராது. புகை எச்சரிக்கைக் கருவியைக் கழற்றி வைப்பது ஒன்ராறியோவில் குற்றம். கருவாட்டை வீட்டில் சாப்பிடுங்கள், அலுவலக மைக்ரோவேவில் மீனே வேண்டாம்.

மற்றவர் சட்டியில் என்ன

இனி மேசையின் மறுபக்கம். உங்களுக்கு ஆகாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கமே இல்லை. ஆனால் கேள்வி சரியாக இருக்க வேண்டும். 'இறைச்சி இருக்கிறதா' என்று கேட்டால் 'இல்லை' என்பார்கள். கோழிச் சாற்றையும் மீன் சோஸையும் பலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. 'பன்றி, மாடு, கோழிச் சாறு, மீன் சோஸ் இதில் எதுவும் உண்டா' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். 'வெஜிடேரியன்' என்றால் முட்டை இருக்கலாம். முட்டையும் பாலும் வேண்டாம் என்றால் 'வீகன்' என்று கேளுங்கள். சீனருடைய கீரைப் பொரியலில் சிப்பிச் சோஸ் இருக்கலாம். மாஷ்மெலோ, ஜெலி இரண்டிலும் உள்ள ஜெலட்டின் விலங்கிலிருந்து எடுப்பது. கனடாவின் 'பை', 'டாட்' என்ற, அவனில் சுட்ட பண்டங்களின் மாவில் பன்றிக் கொழுப்பு இருக்கக்கூடும். கியூபெக்கின் பூட்டின் பார்க்க உருளைக்கிழங்கும் பாற்கட்டியும்தான். மேலே ஊற்றும் குழம்பு பெரும்பாலும் மாட்டிறைச்சி அல்லது கோழிச் சாற்றில் செய்தது.

ஸ்காபுரோவில் குடியேறியவர்களுக்குக் கரிபியன் சாப்பாடுதான் கிட்டிய உறவு. 1838 முதல் கயானாவுக்கும் 1845 முதல் திரினிடாட்டுக்கும் இந்தியாவிலிருந்து கூலிகளாகக் கப்பல் ஏற்றப்பட்டவர்களின் சமையலும் அதில் கலந்திருக்கிறது. பெரும்பாலானோர் கல்கத்தாத் துறையிலிருந்தும் ஒரு பகுதியினர் சென்னையிலிருந்தும் போனார்கள். டபிள்ஸ் என்று விற்பது இரண்டு மெல்லிய பொரித்த ரொட்டிக்குள் கடலைக்கறி. 'பஸ் அப் ஷட்' ரொட்டி நம் வீச்சு ரொட்டியைக் கிழித்துப் போட்டது மாதிரி. ஜமெய்க்காவின் 'ரைஸ் அன்ட் பீஸ்' பச்சைப்பட்டாணிச் சோறு அல்ல, தேங்காய்ப்பாலில் வெந்த சிவப்பு அவரைச் சோறு. நம்மவருக்கு முதல் வாயிலேயே பிடித்துவிடும். சட்டிக்குள் முழுசாக மிதக்கும் ஸ்கொட்ச் பொனட் மிளகாயைக் கரண்டியால் உடைத்துவிடாதீர்கள். வாசத்துக்காக அப்படிப் போட்டது. உடைந்தால் முழுச் சட்டியும் வாயில் வைக்க முடியாது. அக்கீ பழத்தை டின்னில் மட்டும் வாங்குங்கள், பழுக்காத காய் நஞ்சு.

எத்தியோப்பியரின் இஞ்சரா டெஃப் என்ற சிறுதானிய மாவைப் புளிக்கவைத்து ஒரு பக்கம் மட்டும் சுட்ட பெரிய தோசை. மேலே பருப்பும் கீரையும் குவித்து, எல்லோரும் ஒரே தட்டில் கையால் பிய்த்துச் சாப்பிடுவார்கள். ஒருவர் ஒரு கவளம் உருட்டி உங்கள் வாயருகே நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். 'குர்ஷா' என்ற அன்பு அது. சைவக்காரருக்கு இவர்கள் வீடு சொர்க்கம். அவர்களுடைய மரபுவழித் திருச்சபையில் புதனும் வெள்ளியும் விரதம், அன்றைய சாப்பாட்டில் இறைச்சியும் இல்லை, பால், நெய், முட்டையும் இல்லை. 'விரதச் சாப்பாடு' என்று கேட்டாலே தருவார்கள். மற்ற நாட்களில் பருப்பிலும் தாளித்த நெய் இருக்கலாம். 'கிட்ஃபோ' என்பது பச்சை மாட்டிறைச்சி.

பிலிப்பினோ வீட்டில் சினிகாங் என்ற புளிச்சாறு கிடைத்தால் விடாதீர்கள், ரசத்துக்குத் தூரத்துச் சொந்தம். அதிலும் லும்பியாவிலும் பன்றியோ இறாலோ இருக்கும் என்று நினைத்தே கேளுங்கள். ஈரானியர் வீட்டில் விருந்தின் சிறப்புப் பங்கு எது தெரியுமா? சட்டியின் அடியில் பொன்னிறமாகப் பிடித்த சோறு. நம் வீட்டில் அடிப்பிடித்தால் பேச்சு விழும். அவர்கள் எண்ணெயும் குங்குமப்பூவும் விட்டு வேண்டுமென்றே பிடிக்கவைத்து, 'தாடிக்' என்று பெயர் வைத்து, விருந்தாளிக்கு முதலில் உடைத்துத் தருகிறார்கள். 'கருகிப்போச்சே' என்று சொல்லித் தொலைக்காதீர்கள்.

பிடிக்காததைத் தட்டில் நிரப்பிவிட்டுக் கொட்டுவதைவிட ஒரு கரண்டி எடுத்துப் பார்ப்பது மரியாதை. எதுவும் எடுக்காமலும் இருக்கலாம், 'இன்று வெள்ளிக்கிழமை, சைவம்' என்றால் விளங்கிக்கொள்வார்கள். திரும்பத் திரும்ப 'இன்னும் போடுங்கள், இன்னும் போடுங்கள்' என்று உபசரிப்பது இங்கே சிலருக்கு அந்தரமாக இருக்கும். ஒருமுறை கேட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். உங்களிடமும் ஒருமுறைதான் கேட்பார்கள் என்பதால், பசியென்றால் முதல் தடவையே ஓம் என்று சொல்லிவிடுங்கள்.

முடிந்த பிறகு

உங்கள் பாத்திரத்தின் அடியில் பெயரெழுதிய ஒட்டுநாடா ஒட்டியிருக்க வேண்டும். மிச்சத்தை உங்கள் சட்டியிலிருந்து மட்டும் எடுங்கள். மற்றவர் சாப்பாட்டை அவர் தந்தால்தான் கட்டிக்கொண்டு வரலாம். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்போது அவர்கள் பாத்திரத்தைக் கழுவி வெறுமையாகத் திருப்பித் தருவார்கள். இந்த ஊரில் அதில் குறை ஒன்றும் இல்லை. அவர்கள் வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா உங்களிடம் வந்தால் மட்டும் அதில் கறி வைத்துத் திருப்பி அனுப்பாதீர்கள், மஞ்சள் கறை ஏறினால் போகாது. ஒரு சீப்பு வாழைப்பழம் போதும்.

உங்கள் ரோல்ஸைச் சாப்பிட்டவர்கள் 'ஐம்பது செய்து தர முடியுமா, காசு தருகிறோம்' என்று கேட்கும் நாளும் வரும். காசு கைமாறினால் அது வீட்டு உணவு வியாபாரம், சட்டமே வேறு. பாண், பிஸ்கட் மாதிரிச் சுலபமான வகையில் இறைச்சி வைத்த ரோல்ஸ் அடங்காது. ஒத்துக்கொள்ளுமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பிரிவை அழைத்து, என்ன செய்யப்போகிறீர்கள், எந்தச் சமையலறையில் என்று சொல்லிக் கேளுங்கள். ரொறன்ரோவுக்குள் இருந்தால் 311ஐ அழைத்தால் இணைத்துவிடுவார்கள்.